மன்றத்துக்கு மொய் எழுதிய ஊர்

பேராவூரணிப் பக்கம் யார் வந்தாலும் நான் விடுவதில்லை. காபி குடித்த கையோடு எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவேன். ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர், காவித்தரை, நாலு பக்கமும் சன்னல். அவ்வளவுதான் கட்டடம். ஆனால் இந்தச் சுவரைப் பூசியது யார், அந்த மூலை ஓட்டை ஏற்றியது யார், வாசற்படிப் பக்கத்துத் தரையை இழைத்தது யார் என்று ஒவ்வொன்றுக்கும் என்னால் ஆள் காட்ட முடியும். அத்தனையும் எங்கள் ஊர் ஆட்கள்! ஒரு பொதுக்கட்டடம் ஊராருடைய கையால் திரும்ப எழுந்து நிற்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன், என் கையும் அதில் பட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய சந்தோஷம் சமீபத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

மன்றம் புதிதல்ல. என் அப்பா இளவட்டமாகத் திரிந்த காலத்தில் அவரும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து கட்டியது. அப்போது அதற்குப் படிப்பகம் என்று பேர். காலையில் செய்தித்தாள், சாயங்காலம் வானொலி, விளக்கு வைத்த பிறகு கேரம். தஞ்சைச் சீமைக்கு இது பழகிய காரியம்தான். மன்னார்குடியில் 1931இலேயே மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனவர்கள் நம்மவர்கள். நாட்டின் நூலக இயக்கத்துக்கே வழிகாட்டிய எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழியும் அன்றைக்குத் தஞ்சை மாவட்டம். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த பிறகும், அரசு நூலகம் எட்டிப்பார்க்காத எத்தனையோ சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கண்ணில் காட்டியது இந்த மாதிரிப் படிப்பகங்கள்தான். பின்னால் எங்கள் ஊர்ப் படிப்பகம் இளைஞர் நற்பணி மன்றம் ஆனது. கபடிக் கோப்பைகள் வந்தன, சுவரில் படங்கள் ஏறின. பெண்பிள்ளைகள் மட்டும் அந்த வாசலை மிதித்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அதைக் கடந்துதான் போனேன். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாமலே கல்யாணமும் ஆகிவிட்டது.

2018 நவம்பர் 16 விடியுமுன்னே கஜா வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றோடு உள்ளே புகுந்து, பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று கண்ணுக்கெட்டிய தூரம் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. மன்றத்தை ஒட்டி நின்ற தென்னைகள் கூரைமேல் சாய்ந்தன. தெற்குப் பக்கத்து ஓடுகள் பாதிக்குமேல் நொறுங்கின. ஊரில் யாருக்கும் அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. வீட்டைப் பார்க்கவேண்டும், தோப்பைப் பார்க்கவேண்டும், புதிதாகத் தென்னம்பிள்ளை நட்டுத் தண்ணீர் விடவேண்டும். ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியதோடு சரி. வருஷங்கள் போயின. தார்ப்பாய் கிழிந்தது, ரீப்பர் கட்டைகளைக் கரையான் தின்றது, மழைநாளில் ஆடுகள் ஒதுங்கின.

அதை மறுபடி எழுப்பவேண்டும் என்று முதலில் வாய்திறந்து கேட்டவர்கள் பெண்பிள்ளைகள்! குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரு ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து நின்றார்கள். "வீட்டில டிவி ஓடுது, தம்பி தங்கச்சி சத்தம். உட்கார்ந்து படிக்க ஒரு இடம் குடுங்க. மன்றம் சும்மாத்தானே கெடக்கு?" என்று கேட்டார்கள். சபையில் யாருக்கும் மறுப்புச் சொல்ல வாய்வரவில்லை. மன்றத்துப் பையன்கள் அங்கேயே எழுந்து, "நாங்க வேலை செய்யிறோம்" என்றார்கள். தீர்மானம் எழுதியாகிவிட்டது.

இடித்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் என்றுதான் பலருக்கும் யோசனை. அதைத் தடுத்தவர் எங்கள் ஊர்க் கொத்தனார் தாத்தா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கரணையைக் கீழே வைத்தும் கொஞ்சகாலம் ஆகியிருந்தது. மன்றத்துக்குள் போனார். கரணைப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். கணீரென்று கேட்ட இடங்களை விட்டுவிட்டு, பொத்தென்று கேட்ட இடங்களில் மட்டும் கரிக்கட்டியால் வட்டம் போட்டார். சுற்றி முடித்தபோது எல்லோருமாக எண்ணிப் பார்த்தோம். நாலு சுவரிலும் சேர்த்து வட்டங்கள் கொஞ்சம்தான். "செவுரு நல்லாருக்கப்பா. கூரைதான் போச்சு. இதை இடிச்சா பாவம்" என்றார். அந்த ஒரு சொல்லில் வேலையின் திசையே மாறிவிட்டது.

வட்டம் போட்ட இடமெல்லாம் பின்னாளில் யாரோ சிமெண்டு வைத்து ஒட்டுப்போட்ட இடங்கள் என்பதை அவர்தான் காட்டிக்கொடுத்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அடைபட்ட ஈரம் உப்புப் பூத்து, பூச்சைப் பிளந்துகொண்டு வரும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. இதைக் கேட்ட எங்கள் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுடைய முகத்தைப் பார்க்கவேண்டுமே! மறுநாளிலிருந்து தாத்தாவை விட்டு அவர்கள் நகரவில்லை.

சரி, காசு? இங்கேதான் எங்கள் ஊர் என்னை அசத்திவிட்டது. ஆடி, ஆவணி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரம் முழுக்க மொய்விருந்துதான் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறி, வந்தவர்கள் எழுதும் மொய்யை நோட்டில் ஏற்றி, அந்தப் பணத்தில் தொழில் தொடங்குவார்கள், கிணறு வெட்டுவார்கள், பிள்ளையைப் படிக்கவைப்பார்கள். வட்டி கிடையாது. ஆனால் எழுதியவர்கள் வீட்டு மொய் வரும்போது கூடப்போட்டுத் திருப்பிச் செய்தாகவேண்டும். மன்றத்துப் பிள்ளைகள் ஒரு புது நோட்டு வாங்கினார்கள். மொய் நோட்டு எழுதிப் பழகிய ஒரு மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "பணமாவும் எழுதலாம், வேலையாவும் எழுதலாம், பொருளாவும் எழுதலாம்" என்று அறிவித்தார்கள்.

அந்த நோட்டை வாங்கிப் படித்துப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மணல் ஒரு டிப்பர். ஆள் வேலை இரண்டு நாள். தச்சு வேலை ஒரு நாள். டிராக்டர் வாடகை இல்லாமல். கடுக்காய் ஐந்து கிலோ. காலைச் சாப்பாடு, ஒரு ஞாயிறு. டீ, வேலை முடியும் மட்டும். வெளிநாட்டில் இருக்கும் பையன்கள் அனுப்பிய பணமும் அதே நோட்டில், ஒரு பாட்டி கொடுத்த இரண்டு தேங்காயும் அதே நோட்டில், அதே எழுத்தில், அடுத்தடுத்த வரியில். இருப்பவன் பணம் எழுதினான், இல்லாதவன் தன் உழைப்பை எழுதினான். யாருடைய வரியும் யாருடையதற்கும் கீழே இல்லை. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று தனித்தனியாகப் பந்தி கண்ட ஊர் எங்களுடையது. அந்த நோட்டில் தெருப்பேரே எழுதவில்லை; ஆள்பேர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் ஒரே வரிசைதான். அந்த வரிசையில் உட்கார்ந்து பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டது எனக்கு எந்தக் கல்யாண விருந்தும் தராத நிறைவு.

சம்பா அறுவடை முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்ததும் வேலை தொடங்கியது. ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்குள் கூரை மூடியாகவேண்டும். எங்கள் பக்கத்துக்கு மழை என்றாலே வடகிழக்குப் பருவமழைதானே. முதல் காரியம் ஓடு இறக்குவது. மேலே ஏறியவர்கள் கூலி வாங்கும் கைதேர்ந்த ஆட்கள் மட்டும். கூரையில் விளையாட்டு வேண்டாம், தெரிந்தவன் கையில் கூலி கொடுத்துவிடுவோம் என்று கூரை வேலையைப் பார்த்துக்கொண்ட ஆசாரி மாமா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழே நின்ற நாங்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டை வாங்கினோம். ஓர் ஓடு இரண்டிலிருந்து மூன்று கிலோ வரை கனக்கும். ஏணியடியிலிருந்து வேப்பமரம் வரை ஒரே வரிசை: கல்லூரிப் பையன், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், நூறுநாள் வேலைக்குப் போகிற அக்கா, நான், எனக்கு அடுத்து பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஒரு பாட்டுக்காரத் தம்பி குரலெடுத்தால் கை தானாக ஓடும்!

அந்த ஓடுகளைத்தான் நான் இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். சீமை ஓடு என்று நாம் சொல்கிற மங்களூர் ஓடு 1860களில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் நேத்திராவதிக் கரையில் தொழிற்சாலை போட்டுச் செய்யத் தொடங்கியது. பிறகு எத்தனையோ பேர் அதே மாதிரியில் செய்தார்கள். ஓட்டைத் திருப்பினால் முதுகில் தொழிற்சாலையின் பேர் அச்சாகப் பதிந்திருக்கும். எங்கள் சின்னப்பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி, பாசியைத் தேய்த்துக் கழுவி, எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். படிக்கப் படிக்க ஒரு சங்கதி தெரிந்தது: வடக்குக் கூரை ஒரு கம்பெனி, தெற்குக் கூரை வேறு கம்பெனி. ஒன்றோடு ஒன்று கோத்து உட்காரும் பள்ளமும் மேடும் கம்பெனிக்குக் கம்பெனி நூலளவு மாறும். கலந்து வேய்ந்தால் இடுக்கில் மழை இறங்கிவிடும். ஆகவே பேர்வாரியாகப் பிரித்து அடுக்கும் பொறுப்பு முழுக்கப் பிள்ளைகளுக்குப் போனது. குறைந்த ஓட்டுக்கு, பழைய வீடு பிரித்த சாமான் விற்கிற இடங்களில் தேடி, அதே பேர் பதிந்த ஓடாகப் பார்த்து எடுத்துவந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு வாண்டு வியாபாரியிடம், "இது வேணாம் அங்கிள், எங்க கம்பெனி இல்ல" என்று சொன்னதாகக் கேட்டபோது எனக்கு வந்த பூரிப்பு இருக்கிறதே!

கைமரமெல்லாம் வைரம் பாய்ந்த பனை. கரையான் அதில் பல்லே பதிக்கவில்லை. ரீப்பர்கள்தான் போயிருந்தன. புது ரீப்பருக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவிக் காயவைத்தோம். கரையானுக்கு அது ஆகாது. கையில் பட்டால் புண்ணாக்கிவிடும் என்பதால் உறை போட்டவர்கள் மட்டும்தான் அந்தப் பக்கம் போகலாம். ரீப்பருக்கு ரீப்பர் இடைவெளி எவ்வளவு என்று நாங்கள் டேப்பைத் தேடியபோது, ஆசாரி மாமா ஓர் ஓட்டை எடுத்தார். அதன் நாக்கு எங்கே பிடிக்கும், அடுத்த ஓடு எங்கே உட்காரும் என்று வைத்துப் பார்த்து, ஒரு குச்சியை வெட்டினார். அந்தக் குச்சிதான் கூரை முழுக்க அளவு! கடைசி ரீப்பர் வரை மயிரிழை பிசகவில்லை. கடைசியில் முகட்டு ஓட்டை வைத்துச் சாந்து பூசி அடைத்தபோது கீழே நின்ற கூட்டம் எழுப்பிய குலவைச் சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்தது சுண்ணாம்பு. இதைப் பார்க்காதவர்கள் வாழ்க்கையில் ஒரு பெரிய காட்சியைத் தவறவிட்டவர்கள் என்றே சொல்வேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டார் தாத்தா. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு கல் வெடித்துப் பிளந்து, ஆவி எழும்பி, குழி முழுக்க உலையாகக் கொதித்தது. தீயும் இல்லை, விறகும் இல்லை! பிள்ளைகளை எட்ட நிறுத்தி, கிளறுகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள். இப்படி நீற்றிய சுண்ணாம்பைக் குழியிலேயே ஊறவிட்டு, சலித்து எடுத்தோம். இன்னொரு பக்கம் கடுக்காயை இடித்துத் தொட்டித் தண்ணீரில் போட்டு, கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, சில நாள் புளிக்கவிட்டோம். வடிகட்டிய அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சுண்ணாம்பையும் மணலையும் குழைக்கவேண்டும். சாந்து அப்படியே வழவழவென்று கரணைக்கு இசைந்து வரும், சுவரையும் இறுகப் பிடிக்கும்.

பூச்சு வேலையைத் தாத்தா பெண்பிள்ளைகளுக்குத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார். காலமெல்லாம் சித்தாளாகச் சட்டி சுமந்த பெண்கள் எங்கள் ஊரில் நிறைய. கரணை அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. "எத்தனை செவுத்துக்குக் கலவை தூக்கிக் குடுத்திருக்கே, எப்படிப் பூசறதுன்னு கண்ணு பார்த்திருக்குமே ஆத்தா, புடி" என்று ஓர் அக்காவிடம் கரணையை நீட்டினார். அந்த அக்கா சாந்தை வாரிச் சுவரில் அடித்து, மட்டப்பலகையை மேல்நோக்கி இழுத்து, மணியாசுக் கட்டையால் வட்டவட்டமாகத் தேய்த்த அழகு! தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார் தாத்தா. நூல் சுவரை விட்டு எங்கும் விலகவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் ரசமட்டத்தையும் எடுத்து அந்த அக்கா கையிலேயே கொடுத்துவிட்டார். இன்றைக்கு அந்த அக்கா பக்கத்து ஊர்களில் பூச்சு வேலைக்குக் கொத்தனாராகவே போகிறார், கொத்தனார் சம்பளம் வாங்குகிறார்.

பூசிய சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும், அவசரப்பட்டுக் காயக்கூடாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் கல்லாகும். பள்ளிக்கூடத்தில் சமன்பாடாக எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம் இது. அதே பாடத்தைப் பிள்ளைகள் சுவரில் கைவைத்துத் தெரிந்துகொண்டார்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க அவர்களே முறைபோட்டு வந்தார்கள். ஒரு வேளை தவறியதில்லை.

தரைக்குக் காவி. சிமெண்டோடு காவித்தூளைக் கலந்து மெல்லிசாகப் பரப்பி, ஈரம் இருக்கும்போதே கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தோம். அந்தப் பாட்டி எழுதிய இரண்டு தேங்காய்க்குக் கணக்கு அங்கேதான் நேரானது என்று ஊரெல்லாம் பேச்சு! மின்சார வேலையை மட்டும் உரிமம் உள்ளவரிடம் கூலிக்கு விட்டோம். புது ஒயரிங், எர்த் பைப், பாதுகாப்பு சுவிட்ச் எல்லாம் முறையாக. படிக்கிற மேசைகளுக்கு, கஜாவில் விழுந்த தென்னையை அறுத்து அட்டத்தில் போட்டுவைத்திருந்த ஒரு சித்தப்பா, அத்தனை பலகையையும் இறக்கிக் கொடுத்துவிட்டார். அந்த மேசைகளைத் தடவிப் பாருங்கள், அடர்ந்த கோடுகோடாக எத்தனை அழகான மரம் தெரியுமா!

இன்றைக்கு மன்றம் எப்படி இருக்கிறது? காலை ஐந்தரைக்கே விளக்கு எரிகிறது. குரூப் 4 பிள்ளைகள் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கிறார்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை பெண்பிள்ளைகளின் நேரம். அதைக் கரும்பலகையிலேயே எழுதிவைத்தவர்கள் மன்றத்துப் பையன்கள். கேரம் பலகை மறுபடி வந்துவிட்டது. அதற்கு மேலே சுவரில் 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய நம் சென்னைப் பெண் காசிமாவின் படம். எந்தப் பிள்ளை ஒட்டியதோ, ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுக்குமுன் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறார்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளுமை. ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் அந்தக் குணம் உண்டு.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்தச் சுவரில் ஒரு கிறுக்கல் கிடையாது. வெற்றிலை எச்சில் கிடையாது. காவலுக்கு ஆள் போடவில்லை, அறிவிப்புப் பலகை வைக்கவில்லை. தண்ணீர் தெளித்து வளர்த்த சுவரில் எந்தப் பிள்ளைக்குக் கிறுக்க மனம் வரும்? யாரோ ஒப்பந்தக்காரர் வந்து கட்டிக் கொடுத்திருந்தால் எங்களுக்கு ஒரு கட்டடம் கிடைத்திருக்கும். ஊரே இறங்கி வேலை செய்ததால் எங்கள் பிள்ளைகளுக்கு ஓடு பார்த்துப் பிரிக்கவும், சுவர் பூசவும், ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடவும் தெரிந்திருக்கிறது. இது எந்த மதிப்பீட்டுத் தாளிலும் வராத வரவு.

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நிச்சயம் கிடக்கும். பூட்டிக்கிடக்கும் படிப்பகம், ஒழுகும் மன்றம், பாழடைந்த வாசகசாலை. தயவுசெய்து இடிக்க அவசரப்படாதீர்கள். முதலில் வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் யாருடையது என்று பார்த்து, கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மன்றத்தைச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்துகொள்ளுங்கள்; வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் கூரையைச் சரிசெய்யுங்கள். மேலே ஒழுகினால் கீழே செய்வதெல்லாம் வீண். கூரைக்கும் மின்சாரத்துக்கும் தொழில் தெரிந்தவர்களுக்குக் கூலி கொடுங்கள், மற்றதில் ஊரை இறக்குங்கள். பெண்பிள்ளைகளை முதல் நாளிலிருந்தே கூப்பிடுங்கள்.

எங்கள் மொய் நோட்டை இன்னும் மூடவில்லை. மொய் என்றால் திருப்பிச் செய்தாகவேண்டுமே! போன கோடையில் பக்கத்து ஊர் வாசகசாலைக்குக் கூரை பிரித்தார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் பிள்ளைகள் இரண்டு டிராக்டரில் ஏறிப்போய் நாள் முழுக்க ஓடு கைமாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பூச்சுக்கு அந்தக் கொத்தனார் அக்கா போனார். அவர்கள் ஊரும் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு நோட்டைப் போட்டுவிட்டுச் சொல்லியனுப்புங்கள். முதல் வரியில் எங்கள் ஊர்ப் பேரை எழுதிக்கொள்ளுங்கள், கரணையும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.